ஒப்பீட்டுக்கு வைத்த தசை

ஷோன்டால், மனிடோபா
அக்டோபர் 18

அன்புத் தங்கை அகதாவுக்கு,

ஆண்டவர் தயவால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடும் சுகத்தில் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று ஞாயிறு, உன் ஆய்வுக்காக ரத்தம் எடுத்தபோது என் சமையலறையில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன் டீட்ரிச், அண்ணி நேட்டா, அவர்கள் மகள் லீனா, என் வீட்டுக்காரர் ஹைன்ரிச், நீ சொல்லி வின்னிபெக்கிலிருந்து வந்த நர்ஸ். ரத்தம் கொடுத்தது அம்மா, அண்ணன், லீனா. ஹைன்ரிச்சும் நேட்டாவும் இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இல்லை என்பதால் பன்னும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டதோடு சரி.

ஓய்வுநாளில் இதெல்லாம் செய்யலாமா என்று அம்மா முதலில் முகம் சுளித்தாள். பிறகு, "நோயாளியைப் பாக்குறது வேலைக் கணக்குல வராது" என்று அவளே சொல்லிவிட்டு ஜாம் கிண்ணங்களை ஓரமாக நகர்த்தி இடம் செய்து கொடுத்தாள்.

லீனாதான் முதலில் கை நீட்டினாள். அவள் அப்பா ஊசியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"என்னடி சூசி, இந்தம்மா எவ்வளவு எடுக்கும்? சாயங்காலம் மாடு கறக்க எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெக்கச் சொல்லு."

"பேசாம கைய நீட்டுங்க. உங்க பொண்ணு நீட்டலையா?" என்றாள் நேட்டா.

"அவ அவங்க அகதா அத்தை மாதிரி. நான் சாதா மனுஷன்."

சிரித்தோம். ஆனால் உள்ளே யாருக்கும் சிரிப்பில்லை. லீனா இந்தக் கோடையில் இரண்டு முறை விழுந்துவிட்டாள். ஒரு முறை கன்றுக்குட்டியைத் துரத்தும்போது, ஒரு முறை ஏரியில் குதித்தவுடன். ஆஸ்பத்திரியில் வலிப்பு என்கிறார்கள். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு பள்ளியில் தூங்கி வழிகிறாள். வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த நம் கூடப்பிறந்த கொர்னேலியஸ் விழுந்து எழாமலே போனதையும் நாம் பார்த்தோம். அது வலிப்பு இல்லை. லீனாவுக்கு என்னவென்று உன் ஆய்வு சொல்லுமா? அதை மட்டும் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்,
சூசானா

*

டொரோண்டோ
நவம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். குளிர் வந்துவிட்டது, இன்னும் சைக்கிளில்தான் ஆய்வகம் போகிறேன். மாமாவின் முதுகுவலி தேவலையா?

ரத்தம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான்கு பேருடையது வந்தது, நீ மூன்று பேர்தான் எழுதியிருக்கிறாய். அந்த அறையில் இருந்தவர்கள் பட்டியலிலும் நீ இல்லை. நம் வீட்டில் தலை எண்ணுகிறவர் தன்னை எண்ணிக்கொள்ளவே மாட்டார் என்று ஃபரீதாவிடம் சொன்னேன். அவள் எனக்கு அடுத்த மேசையில் ஆய்வு செய்கிறவள். "அப்ப உங்க வீட்டு ஆளுங்க எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியாதே" என்றாள்.

நான் மருத்துவர் இல்லை அக்கா, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். லீனாவுக்கு இது என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் முடியாது. குழாய்களில் பெயர் இல்லை, எழுத்துகள் மட்டும்தான். யாருடையது எது என்பது பேராசிரியருக்குத்தான் தெரியும். ஆனால் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்லலாம். ரத்தத்தில் இருக்கும் செல்களை, அவை இன்னும் எதுவாகவும் ஆகாத பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறோம். பிறகு அவற்றை இதயத் தசையாக வளரச் சொல்கிறோம். கோதுமை மணி அளவுக்கு ஒரு தசைநார், இரண்டு மெல்லிய ரப்பர் கம்பங்களுக்கு நடுவே, துணி காயப்போடும் கயிறு மாதிரி. அது துடிக்கும்போது கம்பங்கள் வளையும். எவ்வளவு வளைகிறது, எப்போது தவறுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பக்கத்திலேயே நோயில்லாதவர் ஒருவரின் தசையும் ஒப்பீட்டுக்கு இருக்கும். அது இங்கே முன்பே வளர்ந்துகொண்டிருக்கிறது. நம் குடும்பத்திலேயே நோயில்லாத ஒருவருடையது.

வசந்தம் வரை பொறுக்க வேண்டும். ஒன்று கேட்க வேண்டும். செல்களுக்கு ஞாயிறன்றும் உணவு மாற்ற வேண்டியிருக்கிறது. ஆராதனைக்குப் போகாமல் இங்கே வருகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

உன் தங்கை,
அகதா

*

ஷோன்டால்
டிசம்பர் 2

அன்பு அகதா,

நலம், நலமறிய ஆவல். ஹைன்ரிச்சின் முதுகு பனி விழுந்த அன்று மறுபடி பிடித்துக்கொண்டது. இப்போது நிமிர்ந்து நடக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தை உரக்கத்தான் படிப்பேன், இடையில் நிறுத்தி விழுங்கும் பழக்கம் எனக்கு இல்லை. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஞாயித்துக்கிழமை மாட்டைக் கறக்காம விட்டா மடி வீங்கிச் சாகும். அவளுக்கும் அங்க வாயில்லா ஜீவன் இருக்கு." அவ்வளவுதான். நீ நிம்மதியாக ஞாயிறன்றும் தீனி போடு. ஆனால் போகும் வழியில் வேதத்திலிருந்து ஒரு சங்கீதமாவது சொல்லிக்கொள்.

உன் கடிதம் எனக்குப் புரியும்வரை படித்தேன். எட்டு வகுப்புதான் எனக்கு. இருந்தாலும் நூலக வண்டி வரும்போது உடற்கூறு பற்றிய பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். செல் என்ற அதிகாரத்தை முடித்துவிட்டேன். ரொட்டி மாவு பொங்கும்வரை இரண்டு பக்கம், பொங்கிய பிறகு ஒரு பக்கம். ஒன்றும் இல்லாத துளியிலிருந்து இதயம் வளரும் என்பதை நான் வேதத்தில் விசுவாசித்தேன். அதை நீ கையால் தொட்டுச் செய்கிறாய். பெருமையாகச் சொல்லக்கூடாது, ஆனால் பெண்கள் தையல் கூடும் நாளில் சொல்லிவிட்டேன். பெர்க்மன் வீட்டு அத்தை கேட்டாள், "அப்படின்னா உன் தங்கச்சி கடவுள் வேலையச் செய்யறாளா?" இல்லை, கடவுள் செய்ததைக் குனிந்து பார்க்கிறாள் என்றேன். பிறகு எல்லோரும் தைத்தோம்.

லீனாவைப் பனிச்சறுக்கு விளையாட விடவில்லை. ஜன்னலில் நின்று மற்ற பிள்ளைகளைப் பார்க்கிறாள். அதைப் பார்க்க முடியவில்லை.

உன் அக்கா,
சூசானா

*

டொரோண்டோ
ஏப்ரல் 12

அக்கா,

எல்லோரும் சுகமா? நான் சுகம்.

இன்று துடித்தது. காலையில் வழக்கம்போல உணவு மாற்ற மூடியைத் திறந்தேன். நுண்ணோக்கியின் கீழே வைத்தால், கம்பம் ஒன்று லேசாகத் தலையசைத்தது. என் மூச்சுக்காற்று பட்டதாக்கும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி அசைந்தது. ஃபரீதாவைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "ஏய், இதுக்கு உன்னைத் தெரியும்போல, ஹலோ சொல்லுது" என்றாள்.

பார்க்க அழகாக ஒன்றும் இல்லை. சமைக்காத நூடுல்ஸ் துண்டு மாதிரி வெளுத்துப்போய் இருக்கிறது. ஆனால் இது பிறக்காத குழந்தையின் தசையைப் போலத்தான். இதமாக வைத்திருந்தால் இப்படியே இருந்துவிடும். வளர வேண்டுமென்றால் வேலை வாங்க வேண்டும். சின்ன மின்துடிப்பு கொடுத்து, வாரத்துக்கு வாரம் வேகத்தைக் கூட்டி, பாரத்தைக் கூட்டி. பிறகுதான் அது பெரியவர்களின் இதயம்போல நடந்துகொள்ளும். அதற்குப் பிறகு, ஓடும்போதும் பயப்படும்போதும் உடம்பு சுரக்கும் அட்ரினலினை ஒரு துளி விடுவேன். எது தாங்குகிறது, எது தடுமாறுகிறது என்று அப்போது தெரியும்.

நம் கொர்னேலியஸ் அண்ணனை நினைத்தேன். அதை எழுத வேண்டாமென்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.
அகதா

*

ஷோன்டால்
மே 1

அன்பு அகதா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சளி ஒரு சுற்று வந்து போனது, இப்போது எல்லோரும் தேறிவிட்டோம்.

உன் கடிதத்தை மேசையில் படித்தேன். படித்து முடித்ததும் அண்ணன்தான் பேசினான். "பன்னி வெட்டுற நாள்ல இதயத்தை எடுத்துக் கையில வெச்சிருக்கேன். வெளிய வந்த பிறகும் ஒரு தடவை துள்ளும். அப்போ சட்டுனு கீழ போட்டுருவேன். இவ அதைப் பொழுதுக்கும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

"நீங்க பன்னியோட நிறுத்துங்க" என்றாள் நேட்டா.

லீனா கேட்டாள்: "அத்தை, என்னோடதும் துடிக்குதா?"

அகதா அத்தைக்கே தெரியாது, எழுத்துதான் தெரியும் என்றேன்.

"என் எழுத்து எதுன்னு எனக்குத் தெரியும். ரொம்பக் குதிக்குமே, அதுதான்."

அவள் அப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டான்.

அம்மா கடைசியாகக் கேட்டது: "அந்தத் துளியை விடும்போது அதுக்கு வலிக்குமா?" புத்தகத்தில் தேடினேன், நரம்பு இல்லாமல் வலி இல்லை என்று இருந்தது. சொன்னேன். அம்மா தலையசைத்தாள், ஆனால் நம்பினதாகத் தெரியவில்லை.

நீ எத்தனை மாதம் பொறுமையாக ஒரு மணியளவு தசைக்கு வேலை கற்றுக்கொடுத்திருக்கிறாய் என்று நினைத்தால், நான் என் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமை காட்டினேனா என்று தோன்றுகிறது. சாப்பிடுகிறாயா? அதையும் எழுது.

சூசானா

*

டொரோண்டோ
ஜூலை 3

அன்பு அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

துளி விட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு பேருடைய தசைகள் தடுமாறின. வேகம் கூடக்கூட, துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இரண்டு பேருடையவை ஒழுங்காக நின்றன. யார் யார் என்று பேராசிரியர் உங்கள் ஆஸ்பத்திரிக்கே நேரடியாக எழுதுகிறார். அவர்கள் முறைப்படி மறுபடி சோதித்துச் சொல்வார்கள். அவர்கள் கூப்பிட்டால் உடனே போங்கள். அண்ணன் ஏதாவது கிண்டல் பேசினாலும் இழுத்துக்கொண்டு போ.

ஒப்பீட்டுக்கு வைத்திருந்த தசை சரிப்படவில்லை. வேறு ஒன்று வேண்டும்.

இப்போது டிராமில்தான் போய்வருகிறேன். சைக்கிளை ஃபரீதாவிடம் கொடுத்துவிட்டேன். இங்கே வெயில் பரவாயில்லை. தோட்டத்தில் பீன்ஸ் வந்துவிட்டதா?

அகதா

*

ஷோன்டால்
ஜூலை 30

அன்பு அகதா,

முதலில் நல்ல செய்தி. வின்னிபெக்கில் கூப்பிட்டார்கள், போனோம். லீனாவுக்கு வலிப்பு இல்லவே இல்லை. நம் கொர்னேலியஸுக்கு இருந்ததுதான் அவளுக்கும். அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவனுக்கும் இருக்கிறது, இத்தனை வருடம் அதோடு பால் கறந்திருக்கிறான். அம்மாவுக்கும் எனக்கும் இல்லை. நம் அப்பா அன்று ஏரியில் மூழ்கி இறந்தது நீச்சல் தெரியாததால் இல்லைபோலும், அவருக்கும் இதுதான் இருந்திருக்கும். அம்மா இதைக் கேட்டுச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வலிப்பு மாத்திரையை நிறுத்தி, துடிப்பை அடக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். லீனா விழித்த முகத்தோடு இருக்கிறாள். டாக்டர் அவளிடம், "உன் அத்தை பேர் என்ன? இதை இவ்வளவு சீக்கிரம் எங்களைத் தேட வெச்சது அவங்கதான்" என்று சொன்னாராம். வழியெல்லாம் லீனா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நேட்டா வண்டியில் அழுதாள், அண்ணன் மட்டும், "இனிமே உன் தங்கச்சி ரத்தம் கேட்டா பக்கெட்டோட நிப்பேன்" என்றான்.

ஒன்று கேட்கிறேன். ஒப்பீட்டுக்கு வைத்த தசை சரிப்படவில்லை என்று எழுதினாயே, சரிப்படவில்லை என்றால் என்ன? கெட்டுப்போனதா, தடுமாறியதா? அது யாருடையது?

சைக்கிளை ஏன் கொடுத்தாய்? பனியிலேயே ஓட்டியவள் நீ.

பீன்ஸ் வந்துவிட்டது.

சூசானா

*

ஷோன்டால்
செப்டம்பர் 10

அகதா,

ஆகஸ்டு முழுதும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தொழுவத்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பால்வண்டிக்காரர் காது கொடுத்திருப்பார், பேசியிருக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

குளிர்காலத்துக்குத் தக்காளியைப் புட்டியில் அடைத்து வைக்கும்போதெல்லாம் ஒரே நாளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொர்னேலியஸை அடக்கம் பண்ணிய மாதத்தில், குடும்பம் முழுவதையும் சோதிக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்களே, அந்த நாள். நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும் அந்த ஓடும் பட்டையில் அம்மா ஏறி நடந்தாள், காலணியைக் கழற்ற மாட்டேன் என்றாள். நான் ஏறினேன். அண்ணன், மாட்டுக்குப் பின்னால் ஓடுவதே போதும் என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்டான். உனக்கு அப்போது இருபது வயது. அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் அம்மாவுக்குச் சொன்னது நீ. வயரை மார்பில் ஒட்டும்போது அம்மாவின் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றது நீ. அடுத்து யார் என்று எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நீதான்.

நீ பட்டையில் ஏறியதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் என் கண்ணுக்குள் வரவில்லை. நேட்டாவைக் கேட்டேன், அம்மாவைக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. அண்ணனைத் தவிர எல்லோரையும் சோதித்தாயிற்று என்று நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நோயில்லாத ஒருவர் என்று எழுதினாயே. அது நீதானா?

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
சூசானா

*

டொரோண்டோ
செப்டம்பர் 24

அன்பு அக்காவுக்கு,

நீங்களெல்லாம் நலமென்று நம்புகிறேன். நான் நலமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்தான். ஆய்வைத் தொடங்கியபோது, இதே குடும்பத்தில் நோயில்லாத ஒருவரின் செல் வேண்டுமென்றார் பேராசிரியர். அண்ணனைத் தவிர என் குடும்பம் முழுவதையும் சோதித்தாயிற்று, நான் தருகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை அக்கா, நான் பட்டையில் ஏறவில்லை என்பது நினைவுக்கே வராமல் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஜூனில் அந்தத் துளியை விட்டபோது, தடுமாறக் கூடாத தசை முதலில் தடுமாறியது. கருவியில் கோளாறு என்று நினைத்தேன். கூடவே வளர்ந்திருந்த என் இன்னொரு தசையில் மறுபடி பார்த்தேன். அப்போதும் அதேதான். ஃபரீதா பக்கத்தில் நின்று பார்த்தாள். "இது யாருதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். அன்றைக்கே சைக்கிள் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இங்கே டாக்டரிடம் போனேன். அதேதான் என்றார். லீனாவுக்குக் கொடுத்த அதே வகை மாத்திரை கொடுத்திருக்கிறார். புட்டியைத் திறக்கவில்லை.

காரணம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மாத்திரையைத் தொடங்கும்போது இரண்டு வாரம் வேலையை விட்டு, கண்காணிப்பில் இருக்க வேண்டுமாம். புதிய தசைகள் இப்போதுதான் முழு வளர்ச்சிக்கு வருகின்றன. அவற்றின்மேல்தான் மருந்தைச் சோதிக்கிறேன். இரண்டு வாரம் விட்டால் இத்தனை மாத உழைப்பு போய்விடும். யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். என் தசையில் அந்த மருந்தை விட்டுவிட்டு, பிறகு அட்ரினலின் விட்டேன். தடுமாறவில்லை. வேகம் கூடியது, ஆனால் வரிசை தவறவில்லை. சபையில் சேர்ந்து பாடும்போது எல்லாக் குரலும் ஒரே அடியில் விழுமே, அப்படி. நான் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். என் தசை எனக்கு முன்பே குணமாகிவிட்டது.

அம்மாவுக்கு இதைப் படிக்காதே.

அகதா

*

ஷோன்டால்
அக்டோபர் 4

அன்பு அகதாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். லீனா நேற்று எங்கள் தொழுவத்திலிருந்து வீடு வரை வேகமாக நடந்தாள், அவள் அப்பா பின்னாலேயே நடந்தான். இருவரும் காலை ஜெபத்துக்கு முன்பு மாத்திரை போடுகிறார்கள். அவன் ஒவ்வொரு நாளும், "இது கசக்குது, குதிரைக்குக் குடுக்கறதா?" என்கிறான், ஆனால் போட்டுவிடுகிறான்.

உன் கடிதம் வந்தபோது அம்மா மேசையில்தான் இருந்தாள். உறையைப் பிரித்துவிட்டு, பின்னால் படிக்கிறேன் என்றேன். "என்னைக்கும் இல்லாம என்ன? படி" என்றாள். படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

உன் வேலை எனக்கு எவ்வளவு பெரியது என்று நீ அறிவாய். அந்த வேலையால்தான் லீனா இன்று விழித்த கண்ணோடு பள்ளிக்குப் போகிறாள். நீ கண்டுபிடிப்பது இன்னும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்குப் போகும், அதை நான் ஒரு நிமிடமும் சிறிதாக நினைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். போன வருடம் ஹைன்ரிச் கால் உடைந்து படுத்தபோது, பெர்க்மன் வீட்டார், ஃப்ரீசன் வீட்டார், அந்த வம்புக்கார ஈசாக்கு உட்பட, நாங்கள் கேட்காமலே வந்து மாடு கறந்தார்கள். அவர்கள் கறந்த விதம் ஹைன்ரிச்சுக்குப் பிடிக்கவில்லை. ஈசாக்கு முரட்டுத்தனமாகக் கறக்கிறான் என்று ஜன்னல் வழியே பார்த்துப் புலம்பினார். ஆனால் ஒரு மாடும் சாகவில்லை. உன் சைக்கிள் சாவியை வாங்கி வைத்தாளே, அந்தப் பெண்ணுக்கு உன் தசைக்குத் தீனி போடத் தெரியாதா? அவளும் நீயும் ஒரே பாடம் படித்தவர்கள்தானே. அவளிடம் கேட்டாயா? உன் கடிதத்தில் அது இல்லை.

நான் கெஞ்சி நாலு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா என் தோளைத் தொட்டு, அவள் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்:

"அந்தப் பாத்திரத்துல இருக்கறது அவ சதைதானே. அதுக்கு மருந்து குடுக்க அவ இருக்கா. அவளுக்குக் குடுக்க அங்க யாரு இருக்கா? யாரும் இல்லன்னா நான் ரயிலேறி வர்றேன். எனக்கு அந்த ஊர் பேச்சு தெரியாது, ஆனா மாத்திரை குடுக்கத் தெரியும்."

அவள் பெட்டியை அலமாரிக்கு மேலிருந்து இறக்கச் சொல்லிவிட்டாள். ஹைன்ரிச் இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

வானிலையை எழுதாதே. பீன்ஸைப் பற்றிக் கேட்காதே. முதல் மாத்திரையைப் போட்டாயா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
சூசானா